புதூர்நாட்டில் ஒரு மாமனார்

காலை எட்டு மணிக்குத் திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. வேலூரிலிருந்து இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வந்திருந்தேன். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்குப் போகும் பேருந்து சற்று முன்தான் கிளம்பியதாம். அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு, அங்கே உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமலே, "வந்தா வரும்மா" என்றார்.

ஜவ்வாது மலையைச் சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. என் தம்பி சாமுவேலைக் கையோடு அழைத்துவரப் போனேன். வேலூரில் நல்ல எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். புதூர்நாட்டுப் பெண் ராணியைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். இரண்டு வருடங்களுக்கு முன் மஞ்சள் காமாலையில் அவள் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. பக்கவாதத்தில் விழுந்த அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மலையேறியவன், இறங்கவே இல்லை. எங்கள் சபையில் ஒரு நல்ல குடும்பம் அவனுக்குப் பெண் கொடுக்க முன்வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த அப்பா வெள்ளையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெண் கேட்டுப் போன என் தம்பியை ஆள் வைத்து அடித்தவர் அவர். அன்று முறிந்த இடது தோளை இன்னும் அவனால் முழுதாக மேலே தூக்க முடியாது. மகள் இறந்தபோது கீழே வந்து முகம்கூடப் பார்க்கவில்லை. பெற்ற மகன்கள் இருவரும் கேரளத்து மிளகுத் தோட்டங்களில் இருக்கிறார்கள். எட்டிப் பார்ப்பதில்லை.

ஒன்பதரைக்கு ஒரு ஜீப் கிடைத்தது. தலைக்கு எண்பது ரூபாய். மூச்சுவிட இடமில்லாமல் ஆட்கள், நடுவில் உர மூட்டைகள், என் மடியில் யாருடையதோ ஒரு மின்விசிறி.

"எப்பங்க கெளம்பும்?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"இன்னும் ரெண்டு பேர் வரட்டும்க்கா."

"எங்க உக்காருவாங்க?"

"அது அவங்க பாடு."

முப்பது சொச்சம் கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கொண்டை ஊசி வளைவுகள், கீழே பச்சைப் பள்ளத்தாக்கு, மேலே போகப் போகச் சாமை வயல்கள், புளிய மரங்கள். அழகுதான். எனக்குக் கழுத்து வலித்தது.

புதூர்நாட்டில் ஜீப் நின்ற இடத்துக்குச் சாமுவேல் பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டான். இளைத்திருந்தான். மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூரில் அந்த வீடு. நாங்கள் உள்ளே நுழைவதற்குள் கிழவர் கத்தினார்.

"எங்கடா போன? கத்திக் கத்தித் தொண்ட போச்சு!"

"அக்காவ இட்டாரப் போனேன் மாமா."

"எதுக்கு? இங்க இன்னா திருவிழாவா?"

தம்பி அவரை நிமிர்த்தி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டினான். உப்பில்லை என்று துப்பினார். "டாக்டர்தான் கொறைக்கச் சொன்னாரு, வாயத் தொறங்க" என்று மோவாயைத் துடைத்தான். நல்ல கையால் அவர் கிண்ணத்தைத் தட்டிவிட, பாதிக் கஞ்சி என் புடவையில் விழுந்தது.

"இன்னொருவாட்டி தட்டுனா பட்டினிதான்!" என்று கத்தினான் சாமுவேல். கத்திக்கொண்டே போய் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தான்.

வெளியே பலா மரத்தடியில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"போதும் சாமு. கெளம்பு, ஞாயித்துக்கெழமைக்குள்ள பொண்ணு வூட்டுக்குப் பதில் சொல்லணும். பெத்த பிள்ளைங்க இருக்காங்க இல்ல?"

"இருக்காங்க. இங்க இல்ல."

"உன் தோள ஒடச்ச ஆளுடா! அவர்மேல இன்னா அவ்ளோ பாசம்?"

"பாசமா? எனக்கு அவரப் புடிக்கவே புடிக்காதுக்கா."

"ராணிகிட்ட வாக்கு குடுத்தியா?"

"அவளா? அவளுக்கே அப்பன்மேல கோவம்."

"அப்புறம் எதுக்குடா?"

"புடிச்சவங்களுக்குச் செய்யறதுக்குக் கர்த்தர் எதுக்குக்கா? அத எல்லாருந்தான் செய்றாங்க. எனக்காகக் கர்த்தர் சிலுவையில செத்தப்ப, என்கிட்ட புடிக்கிற மாதிரி இன்னா இருந்துச்சு?"

சபையில் பெண்கள் கூட்டத்தை நடத்துகிறவள் நான். என்னிடமே பிரசங்கம் செய்கிறானே என்று கோபம் தலைக்கேறியது. அதற்குள் பக்கத்து ஊரில் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டதாகப் போன் வந்தது. "அரை மணி நேரம் பாத்துக்கோக்கா" என்று போய்விட்டான்.

அரை மணி ஒரு மணியைத் தாண்டியது. கிழவர் வேட்டியை நனைத்துவிட்டார். தம்பி வந்துவிடுவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. நாற்றம் தாங்காமல், வெந்நீர் எடுத்துவந்து முணுமுணுத்துக்கொண்டே துடைத்தேன்.

"மெதுவா, எருமை!" என்றார்.

"எருமதான். திரும்புங்க" என்றேன்.

வேறு வேட்டி கட்டிப் படுக்கவைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அவன இட்டுனு போறியா?"

"ஆமா."

நல்ல கையால் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார். பிறகு, "தண்ணிச் சொம்ப மட்டும் கிட்ட வெச்சுட்டுப் போவச் சொல்லு" என்றார். அந்தக் குரலில் திட்டு இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் விட்டுவிட்டுப் போவது சுலபம்.

நான்கு மணி ஜீப்புக்கு என்னைக் கொண்டுவந்து விட்டான் சாமுவேல். கையெல்லாம் கிரீஸ்.

"பொண்ணு வூட்ல வேணாம்னு சொல்டறேன்" என்றேன்.

"கோவமாக்கா?"

"ரொம்ப. அடுத்த மாசம் நான் வந்து ஒரு வாரம் இருக்கறேன். நீ வேலூர் வூட்டுக்குப் போய்த் தூங்கு."

அவன் வாயைத் திறந்தபடி நிற்க, ஜீப் கிளம்பிவிட்டது.

எங்கள் சபையில் அன்பைப் பற்றிப் பேசும்போது எல்லோருடைய குரலும் மென்மையாகிவிடும், என்னுடையதும்தான். மனதில் இருக்கும் கசப்பை முதலில் ஜெபத்தில் இறக்கி வையுங்கள், அன்பு தானாக வரும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். மலையிறங்கி, திருப்பத்தூரில் பேருந்து மாறி, வேலூர் வந்து சேரும்வரை எனக்குக் கிழவர்மேல் இருந்த கோபம் ஒரு துளியும் தணியவில்லை. ஆனாலும் மறுநாள் கடைக்குப் போனபோது, அவருக்கென்று இரண்டு வேட்டி எடுத்தேன்.