கண்டக்குழிச் சந்தியில் இறங்க வேண்டியவன்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நுரைச்சோலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். பிள்ளைகளே, நீங்கள் அப்போது நல்ல தூக்கம். எங்கே போய் வந்தீர்கள் வாப்பா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்லத் தொடங்கினால் பாதியில் எழுந்து ஓடிவிடுகிறீர்கள். அதனால் நான் சொல்லச் சொல்ல உம்மா எழுதுகிறார். ஆறுதலாக வாசியுங்கள்.

நான் புறப்பட்டது கற்பிட்டிப் பாதையில் உள்ள கண்டக்குழிச் சந்திக்கு. இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அங்கே ஒரு ஹாஜியாரின் வெங்காயக் கொட்டில் இருக்கிறது. வெங்காயம் பிரிக்க ஆள் வேண்டும், எட்டு மணிக்கு வரட்டும், கையைப் பார்ப்போம் என்று சொல்லியனுப்பியிருந்தார். எனக்குக் கண் போன ஏழு வருடத்தில் என்னை வரச் சொன்ன நாலாவது இடம் அது. மற்ற மூன்று இடத்திலும் வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு பஸ் நிற்காமல் போயின. ஆறே முக்காலுக்கு மூன்றாவது நின்றது. கொண்டக்டர் என் கையைப் பிடித்து ஏற்றி, டிரைவருக்குப் பக்கத்தில் பிக்குமார் போன்ற மதகுருமாருக்கு என்று விட்டிருக்கும் ஆசனத்தில் இருத்தினார்.

"ஹாமுதுரு ஆரும் ஏறினா எழும்பணும் நானா, சரியா?" என்று சிரித்தார்.

"கண்டக்குழிச் சந்தி" என்று சொல்லி ஐம்பது ரூபாயை நீட்டினேன். அவர் காசோடு என் கையை மூடிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை நாள். துஆ செய்ங்க, போதும். எங்க இறக்கணுமிண்டு எனக்குத் தெரியும்."

நல்ல மனிதர் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பாதை எனக்குக் காதால் தெரியும். தோட்டங்களில் தண்ணீர் மோட்டார் இரைவதும், தலவிலைத் திருப்பத்தில் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இறங்குவதும் கேட்கும். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் தலைக்கு மேலேயே ஸ்பீக்கர். பாட்டு காதை அடைத்தது. கருவாட்டு வாடை கனத்த பிறகுதான் கற்பிட்டிப் பட்டணத்துக்கே வந்துவிட்டோம் என்று விளங்கியது.

ஏழு ஐம்பது. "இறங்குங்க நானா, பள்ளிவாசலடியிலயே விட்டிருக்கன். நேரத்தோட வந்திட்டீங்க, நல்ல இடமாப் பாத்துப் பிடிங்க" என்றார் கொண்டக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் போய்விட்டது.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்கு வருகிறவர்களிடம் ஸதகாக் காசு வாங்க, பள்ளி வாசலில் உட்காருகிறவர்கள் காலை பஸ்ஸில்தான் வருவார்கள். என் கையிலோ வெள்ளைத் தடி. அவர் என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

நிலத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "காக்கா, இது என்ட இடம். அங்கால தள்ளுங்க."

"நான் இதுக்கு வரல்ல."

"முதல் நாள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்ற."

"வேலைக்குப் போறன். கண்டக்குழிச் சந்தியில இறங்க வேண்டியவன்."

"கண்ணில்லாம என்ன வேல?"

"வெங்காயம் பிரிக்கிற."

அவர் நிலத்தில் கை ஊன்றி என் பக்கம் நகர்ந்து வருவது கேட்டது. பிறகு, "அது இருந்துக்கிட்டுத்தானே செய்ற? எனக்கு ஒரு கால்தான் இல்ல, கை ரெண்டும் இருக்கு. எனக்கும் ஒருக்காக் கேட்டுப் பாருங்களன்" என்றார். நான் ஓம் என்று சொல்வதற்குள் அவரே ஓட்டோக்காரரைக் கூப்பிட்டார். "டேய், இவர ஏத்து! வேலைக்குப் போறவரு!"

ஓட்டோவுக்கு இருநூறு ரூபாய். எட்டரைக்குக் கொட்டிலில் இறங்கினேன்.

"எட்டு மணிண்டுதானே சொன்ன?" என்றார் ஹாஜியார். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சாக்கில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். வெங்காயத்தின் கழுத்தை இரண்டு விரலால் அமத்திப் பார்க்க வேண்டும். நெகிழ்ந்தால் புறம்பாக வைக்க வேண்டும். அழுகலைத் தொட்டுவிட்டால் விரலை மண்ணில் துடைக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது. இல்லாவிட்டால் எல்லாமே அழுகல் மணக்கும். பதினொன்றரைக்கு, பக்கத்துக் குவியலில் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் மூத்த ராத்தா என் சாக்கைக் கொட்டிப் பார்த்தார்.

"அழுகினது ஒண்டும் இல்ல ஹாஜியார். ஆனா கொஞ்சம் சுணக்கம்."

ஹாஜியார் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். "கை நல்லம் மகன். ஆனா ஒவ்வொரு நாளும் இப்பிடி அலையணுமா? றோட்டுல ஒண்டு நடந்தா நான்தானே பதில் சொல்லணும். வீட்டுல இரிங்க. மாசா மாசம் என்ட ஸகாத்துல ஒரு பங்கு அனுப்புறன்."

உண்மையைச் சொல்கிறேன் பிள்ளைகளே, ஓம் என்று சொல்ல வாய் வந்தது. அவ்வளவு களைப்பு. தொண்ணூறில், சண்டைக் காலத்தில், மன்னாரை விட்டு விரட்டப்பட்டு வந்தபோது எனக்குப் பத்து வயது. அகதி முகாமில் நிவாரண அரிசிக்கு வரிசையில் கை நீட்டி நின்றிருக்கிறேன். சண்டை முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே கையை நீட்டப் பிடிக்கவில்லை.

"ஸகாத் வாங்குறது பிழையில்ல ஹாஜியார். நான் வேல கேட்டு வந்தன்" என்றேன். "பள்ளிவாசலடியில இருக்கிற ஒருத்தரும் கேக்கச் சொன்னாரு. கால் ஒண்டு இல்ல, கை இருக்கு."

"கொட்டில ஆஸ்பத்திரி ஆக்கப் போறாங்க" என்று ராத்தா சொல்ல, பெண்கள் சிரித்தார்கள்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. "ரெண்டு கிழமைக்கு வந்து செஞ்சு காட்டுங்க. எட்டு மணி. மற்றவர்ட கதைய பிறகு பாப்பம், முதல்ல உங்களப் பாப்பம்" என்றார். பள்ளிவாசலடியில் இருந்தவருடைய வேலையும் இனி என் தலையில்தான் என்று அப்போது விளங்கியது.

பின்னேரம் ஆறு மணிக்கு வீடு வந்தேன். வீட்டில் குடமும் கதிரையும் எங்கே என்று என் கைக்குத் தெரியும். வாசலைத் தாண்டினால் நான் எங்கே போக வேண்டும் என்பதை அடுத்தவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள், அதையும் அன்போடு செய்கிறார்கள். அன்றைக்கு அலைந்ததைவிட அதனால்தான் அதிகம் களைத்தேன்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கே புறப்படுவேன். பள்ளிக்கூடத்தில் வாப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், வெங்காயம் பிரிக்கிறார் என்று சொல்லுங்கள். அந்த இரண்டு கிழமைத் தவணை முடிந்த பிறகு கேட்டால், என்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.