மூன்று மாடலுக்கும் ஒரே பிஹேவியர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன்; ஐந்து பேரும் தலைநிமிர்ந்து நடக்கிறார்கள். கையெழுத்துக்கு மேல் எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

இவள் அம்மா, என் கடைசிப் பெண், ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ஆம்பூரில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தாள். ஷூ கம்பெனி ஒன்றின் சரக்கு விவரம் வைக்கும் வெப்சைட் அவள் பொறுப்பு. திங்கட்கிழமை அதை ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்தவள் சோறுகூடத் தின்னாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாடி பேஜாரு?”

“யாராவது தப்பா அழிச்சா, திரையில மட்டும் மறையணும்மா, உள்ள இருக்கணும். தோலுக்கு சரியா வருது. லைனிங்ல அழிச்சா ஒரேயடியா போய்டுது.”

தோல், ஷூவுக்குள் ஒட்டும் லைனிங், அடியில் வைக்கும் சோல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாடலாம். மாடல் என்றால் அந்தச் சரக்கின் விவரத்தை வைத்துக் காக்கும் பகுதி. திரையில் காட்டுவதும், வேலை ஏவுவதும் வேறு பகுதிகள். அழித்ததை மறைத்து வைக்கும் வரிகளை மூன்று மாடலிலும் தனித்தனியாக எழுதியவள், பிறகு தோலில் திருத்திவிட்டு லைனிங்கை மறந்திருக்கிறாள்.

“ஒரே வேலைய எதுக்குடி மூணு தபா எழுதுன? கை அரிக்குதா?”

“அவசரத்துல உட்டுட்டேம்மா. பிஹேவியர்னு ஒண்ணு இருக்குது. தனியா ஒரு தபா எழுதி வச்சா எந்த மாடலுக்கும் மாட்டிக்கலாம். உன் ஸ்கைவிங் மெஷினு மாதிரி!”

தொண்ணூறுகளில் ஷூ கம்பெனியில் எனக்கு அந்த மெஷினில்தான் வேலை. தோலின் ஓரத்தைச் சீவி மெலிசாக்கும். எந்த டிசைன் வந்தாலும் மெஷின் ஒன்றுதான். எவ்வளவு சீவ வேண்டுமோ அதற்குத் தோலின் ஓரத்தைத் தடுத்து நிறுத்தும் கைடை மட்டும் நகர்த்தி வைப்போம். அவள் சொன்னதும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

பழைய வரிகளை எடுத்துவிட்டு, பிஹேவியரை எழுதி மூன்றுக்கும் மாட்டினாள். தோலில் அழித்தாள், உள்ளே இருந்தது. லைனிங்கும் இருந்தது. சோல் மட்டும் அடியோடு போய்விட்டது.

“இன்னாடி, உன் மெஷினு சோலத் தின்னுடுச்சா?”

“சும்மா இரும்மா, நீ வேற.” திரையையே உற்றுப் பார்த்தாள். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டாள். “அழிச்சதுன்னு குறி போட்ற கட்டத்துக்கு சோல்ல மட்டும் வேற பேரு வச்சிருக்கேன். மெஷின மாட்டிட்டு கைடு வைக்காம ஓட்டிட்டேன்!”

பிஹேவியரை அவள் தொடவே இல்லை. சோல் மாடலில் அதை மாட்டிய இடத்தில் அந்தப் பெயரை மட்டும் சொல்லிவைத்தாள். மறுபடி அழித்தாள். திரையில் இல்லை, உள்ளே பத்திரமாக இருந்தது. ஆறிப்போன சோற்றை அப்போதுதான் தின்றாள்.

திங்கள் சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சொன்னாள். “ஷூ கம்பெனி ஸ்டோர்காரர் வேணும்னே அழிச்சுப் பாத்தாரும்மா, எல்லாம் இருந்துச்சு. பக்கிளுக்கும் நூலுக்கும் இதே மாதிரி வேணும்னாங்க. ஒரு வரிதான் சார், மாட்டிட்றேன்னேன். அந்த வேலையும் எனக்குத்தான்!”

எங்கே, எழுதினதை வாசி கண்ணு. உன் அம்மா செய்ததை நான் செய்ததாக எங்கேயாவது எழுதியிருந்தால் திருத்திவிடு.