அரசியின் படத்தைத் தொட்ட கை

நான் வாய் மூடியிருந்தது போதும். 2006 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கிலிருந்து ஏழு பேர் மொன்றியல் நகர மையத்தில் ஒரு படக் கண்காட்சிக்குப் போனோம். நான்தான் கூட்டிக்கொண்டு போனவன். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தேன். இங்கே துறைமுகக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன்.

ஆன்றி-புராசாவில் மெற்றோ ஏறி, பெரி ஸ்ரேசனில் பச்சைப் பாதைக்கு மாற வேண்டும். அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. எங்கள் பங்குச் சபைத் தலைவர் மெற்றோவில் வரமாட்டார். காரில் வந்து, தரிப்பிடம் தேடித் தெருத் தெருவாகச் சுற்றினார். அதனால் படத்தின் முன் நின்று நான் சொன்ன கதையை அவர் கேட்கவில்லை.

கடைசி அறையில் நீல உடையில், மடியில் குழந்தையோடு ஒரு பெண்ணின் படம். பத்தொன்பதாம் நூற்றாண்டு. பிரெஞ்சு அரசனின் மகள். இருபது வயதில், தன்னைவிட இரண்டு மடங்கு வயதான பக்கத்து நாட்டு அரசனுக்கு இரண்டாம் தாரம். அவன் சமயமும் வேறு. மூத்த பிள்ளை ஒரு வயது நிறையுமுன் இறந்தது. நாட்டுக்கு வாரிசு வேண்டும். அழுது முடிக்க அவகாசம் இல்லை. பெற்றுக் கொடுத்தார். முப்பத்தெட்டில் போய்விட்டார்.

மற்றவர்கள் நகர்ந்தார்கள். ஓர் அக்கா மட்டும் நின்றார். கையை நீட்டி, படத்தின் சட்டத்தைத் தொட்டு, விரல்களை உதட்டில் வைத்துக் கொஞ்சி, சிலுவை போட்டார். கோவிலில் மாதா சுரூபத்தைத் தொட்டுக் கும்பிடுவோமே, அப்படியே.

“நோன், நோன்!” என்று காவலாளி ஓடிவந்தார். பின்னால் தலைவரும் வந்தார்.

“ஆர் தொட்டது?”

“நான்தான்” என்றேன்.

“என்ன மாஸ்டர், ராணியை மாதா எண்டு நினைச்சிட்டீரோ? நல்ல சரித்திரம் படிப்பிச்சிருக்கிறீர்!”

திரும்பும்போது மெற்றோவில் அக்கா என் பக்கத்தில் இருந்தார்.

“மாதா இல்லையெண்டு எனக்குத் தெரியும் மாஸ்டர். நீங்கள்தானே சொன்னனீங்கள்.” இரண்டு ஸ்ரேசன் தாண்டியது. “என்ரை மூத்தவன் பத்து மாசத்திலை போனவன். இடம்பெயர்ந்து போற வழியிலை மண்ணுக்குள்ளை தாட்டது. இங்கை ஒருத்தருக்கும் தெரியாது. அவவின்ரை கதையைக் கேட்டாப்போலை, தொடாமல் வர மனம் கேக்கேல்லை.”

அன்றிலிருந்து பூசை முடிந்து கோப்பி குடிக்கும் நேரமெல்லாம் தலைவர் என் கதையை நடித்துக் காட்டுகிறார். மண்டபமே சிரிக்கிறது. அக்கா கோப்பையைப் பார்த்தபடி நிற்கிறார். நடந்ததை எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

“எழுதுங்கோ. அந்தாளுக்கு நல்லாக் குடுங்கோ. நானெண்டு மட்டும் தெரியப்படாது.”

கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு: காரை வீட்டில் விடுங்கள். பெரிய பையை வாசலில் வாங்கி வைப்பார்கள். படத்திலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நிற்பது அங்கே விதி. அதை மீறிய ஒருவர்தான் அன்று அந்த அரசியைச் சரியாகப் பார்த்தவர்.

பெயர் போடாமல் எழுதுகிறவன் கோழை என்று அதே மண்டபத்தில் சண்டை பிடித்தவன் நான். இதில் என் பெயரைப் போட்டால் என் மானம் திரும்பி வரும். ஆனால் எங்கள் ஆட்கள் தேடி வந்து வாசிப்பார்கள். வந்த ஐந்து பெண்களில் யாரென்று விரல் விட்டு எண்ணுவார்கள். வேண்டாம். மாதாவையும் ராணியையும் பிரித்தறியாத மாஸ்டராக நானே இருந்துவிட்டுப் போகிறேன். தலைவர் சிரிக்கட்டும். இது பெயரில்லாமல் போகிறது.