அரசனின் நெற்றி மரு

எங்கள் கெர்மான்ஷாவில் பல்செட் செய்கிறவர் கியோமர்ஸ். ஊரில் பாதிக் கிழவர்கள் அவர் கைவேலையை வைத்துத்தான் ரொட்டி மெல்லுகிறார்கள். ஆனால் பேர் எல்லாம் பல் டாக்டருக்கு. இவர் பேர் எங்கேயும் இருக்காது.

நான் அருங்காட்சியகத்தில் புகைப்படம் எடுக்கிறவன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பார்த்திய வம்சத்து அரசன் ஒருவனுக்கு மெழுகில் முழு முகம் செய்ய ஆள் தேடியபோது நான்தான் அவரை இழுத்து வந்தேன். அரசனைப் பற்றி மிஞ்சியவை பன்னிரண்டு வெள்ளி நாணயங்கள், எல்லாவற்றிலும் பக்கவாட்டு முகம். "சிலைக்குக் கீழ அட்டையில உங்க பேரைப் போடறோம்" என்று அருங்காட்சியக இயக்குநர் மேடம் சொன்னார். மனுஷன் கூலி எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

நாணயங்கள் பெட்டகத்தில் இருந்தன. நான் எடுத்த படங்களை வைத்தே இரண்டு மாதம் வேலை செய்தார். எந்நேரமும் ஒரே கவலை.

"பர்ஹாம், ஒண்ணுல மூக்கு வளைஞ்சிருக்கு, ஒண்ணுல நேரா இருக்கு. எவனை நம்புறது?"

"எதையாவது வைங்கண்ணே. ராஜா வந்து கேக்கவா போறாரு?"

"அவரு கேக்க மாட்டாரு. கீழ என் பேரு இருக்குமே, பாக்கிறவன் கேப்பான்!"

டீக்கடையிலும் விடவில்லை. "என்ன கியோமர்ஸ், ராஜா வாயைத் தொறந்து காட்டினாரா?" என்று சீண்டினார்கள். சர்க்கரைக்கட்டியைப் பல்லில் கடித்தபடி, "அவரு பல்லு கெட்டியா இருக்கு. உன்னுதுதான் ஆடுது" என்றார். சிரித்தார், ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

நெற்றியில் ஒரு புள்ளி. அச்சில் விழுந்த கோளாறோ என்று ஒரு வாரம் மருகினார். பன்னிரண்டிலும் இருந்ததால் மருதான் என்று முடிவு கட்டி, வலது புருவத்துக்கு மேலே வைத்தார்.

திறப்பு விழா அன்று காலை நாணயங்களைக் கண்ணாடிக்குள் அடுக்கினார்கள். கியோமர்ஸ் ஆசையாகக் குனிந்தார். நிமிரும்போது முகத்தில் ரத்தமே இல்லை.

"பர்ஹாம்... இவரு இடது பக்கம் பாக்கிறாரு. உன் படத்துல வலது பக்கம்ல பாத்தாரு? அப்ப மரு இடது புருவத்துக்கு மேலேல்ல இருக்கணும்!"

அது என் வேலைதான். எங்கள் ஊர் கண்டு பழகியது பின்னால் வந்த சாசானிய அரசர்களின் காசு, அதில் எல்லோரும் வலப்பக்கம் பார்ப்பார்கள். நாணயப் படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டும்போது இவன் ஒருவன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சுற்றியிருந்த எழுத்தை வெட்டி, இவன் படங்களை இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். அழகுக்காகத்தான். யாருக்கும் உறுத்தவில்லை. அதே படங்களைத்தான் கியோமர்ஸிடமும் கொடுத்தேன், சொல்லத் தோன்றவில்லை.

"விடுங்கண்ணே, யாருக்குத் தெரியப் போவுது? மேடத்துக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்."

"டெஹ்ரான்லேர்ந்து வர்ற பேராசிரியருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

அவசரமாக மெழுகைச் சூடாக்கினார். மருவைச் சீவி எடுத்து இடப்பக்கம் ஒட்டினார், பழைய இடத்துக்கு நிறம் பூசினார். கத்தி நெற்றியில் இருக்கும்போதே மேடம் உள்ளே வந்துவிட்டார்.

"என்ன பண்றீங்க? விருந்தாளிங்க வாசல்ல நிக்கிறாங்க!"

கியோமர்ஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. "பக்கத்தை மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன், மேடம். என் தப்பு."

"பல்செட் கட்டுறவர்கிட்ட ராஜாவைக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." அவர் பேர் போட்ட அட்டையை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். கியோமர்ஸ் பெட்டியை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்.

பேராசிரியர் நாணயத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மருவைக்கூட சரியான பக்கத்துல வெச்சிருக்காங்களே! நிறைய பேரு இதுல கோட்டை விட்டுருவாங்க. யாரு செஞ்சது?"

"எங்க அருங்காட்சியகம்தான் சார்" என்றார் மேடம்.

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. கேமராவைத் தூக்கி என் முகத்தை மறைத்துக்கொண்டேன்.