போர்வை போர்த்திய சோலார்

பாரிஸுக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில், மாடிப்படி விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். சிக்கனமாம். நான்காவது மாடிக்காரன் அதற்குள் ஓடி ஏறிவிடுவான் என்று எந்த மகராசன் கணக்குப் போட்டானோ! வந்த புதிதில் பாதிப் படியில் இருட்டானதும், "ஐயோ, கரெண்ட் போச்சு!" என்று கத்திவிட்டேன். கீழ்வீட்டு மதாம் பதறி ஓடிவந்து, சுவரிலிருந்த பொத்தானை அழுத்தி, "நெஞ்சு வலியா?" என்று பிரெஞ்சில் கேட்டார். எங்கள் ஊரில் இதற்குத் தெருவே சேர்ந்து கத்தும் என்று விளக்கிப் பார்த்தேன். டாக்டரைக் கூப்பிடவா என்றார்.

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருக்கும் என் அக்காவுக்கு இது சிரிக்கிற விஷயமில்லை. அவளுக்கு வீசிங். மூச்சு இழுக்கும்போது மருந்தை ஆவியாக்கித் தரும் மிஷின் கரெண்டில்தான் ஓடும். அப்போது ஊரெல்லாம் சோலார் பேச்சு. தெருமுனையில்கூட ஒரு சோலார் விளக்கு நட்டிருந்தார்கள். ஊர் மாறும்போது மாறட்டும் என்று, லீவில் போனபோது அக்கா வீட்டு மொட்டைமாடியில் சோலார் தகடு போட்டு, கீழே பேட்டரியும் வைத்துக் கொடுத்தேன். பிரெஞ்சுக்காரனிடம் இல்லாத வெயில் எங்களிடம் கொட்டிக் கிடக்கிறது என்று, திரும்பி வந்து ஒரு மாதம் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அக்கா வீட்டுக்காரர், மாமா, போன் செய்தார். அங்கே மத்தியானம். கரெண்ட் போன நேரத்தில் அக்காவுக்கு இழுப்பு வந்திருக்கிறது. பேட்டரி செத்துக் கிடந்ததால், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவள் வீடு திரும்பியதும் கேட்டேன்.

"தகடு உடைஞ்சிடுச்சாக்கா?"

"யாரு உடைப்பாங்க? புதுசாவே வச்சிருக்கேன். வெயில் ஏறினா போர்வை போட்டு மூடிடுவேன். சாயங்காலம் எடுத்துடுவேன்."

"வெயில்லதான்க்கா அதுக்கு வேலையே!"

"நீ ஆசையா வாங்கித் தந்தது. வெளுத்துப் போனா மனசு கேக்குமாடா?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்துத் திரும்பினால், என் மேசைமேல் டிவி ரிமோட், வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வேறெப்படி இருப்போம்?

போர்வை போய்விட்டது. போன வாரம் நான் மாடிப்படி ஏறும்போது மாமா மறுபடி கூப்பிட்டார்.

"தெருவுக்கே கரெண்ட் இல்ல மச்சான். உங்கக்காவுக்கு மிஷின் ஓடுது, கேளு."

போனைப் பக்கத்தில் வைத்தார். கொர்ரென்ற இரைச்சல். அதற்கு நடுவே அக்காவின் மூச்சு, மெல்ல மெல்லச் சீராகிறது. இங்கே விளக்கு அணைந்தது. பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மருந்து தீர்ந்து மிஷின் நிற்கும்வரை இருட்டிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.