நான் ஊற்றிக் கொடுத்த அரிஷ்டம்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதம். உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமத்தில், குடியை விட்டவர்கள் தங்கும் இல்லத்தில் நான் சமையல் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து நேராக வீட்டுக்குப் போனால் மறுபடி குடித்துவிடுகிறார்கள் என்பதால், மூன்று மாதம் அங்கே தங்கி, வேலைக்கும் போய்வந்து பழகிக்கொள்ள ஏற்பாடு. பதினோரு ஆண்கள். கேட்டுக்குப் பூட்டு கிடையாது. வெளியே போனால் நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் குடித்தே போய்ச் சேர்ந்தவர். வேறு வேலை கிடைக்காததால்தான் அங்கே போனேன். செத்தவருக்கு வடித்துக் கொட்டியது போதாதென்று இன்னும் பதினொரு பேருக்கா என்று தினமும் புலம்பிக்கொண்டேதான் அரிசி களைவேன்.

அதிலும் ஒரு கொத்தனார் இருந்தார். மாகறல் பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கும். என் உயிரை வாங்கவே வந்தவர். "இன்னாக்கா சாம்பாரு இது, ஏரித் தண்ணி மாதிரி கீது" என்பார். மறுநாள் கெட்டியாக வைத்தால், "இன்னாக்கா, செவுத்துல பூசவா?" என்பார். அதோடு விட்டாரா? மழைக்காலம், கட்டட வேலை இல்லை. தினமும் பத்து மணிக்குப் பையில் துணியை அடைத்துக்கொண்டு, "நான் ஊருக்குப் போறேன், எனக்குச் சோறு வெக்காதக்கா" என்று கிளம்பிவிடுவார். ரோட்டோர பஸ் ஸ்டாப்பில் போய் உட்காருவார். நானும் அளவாக உலை வைப்பேன். ஒரு மணிக்குப் பையோடு திரும்பி வந்து தட்டை நீட்டுவார். எத்தனை நாள் என் பங்குச் சோற்றைப் போட்டிருக்கிறேன் தெரியுமா?

அன்றைக்கு விடாத மழை. இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் சார் மாத்திரை வாங்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். கொத்தனார் வயிறு உப்புசம் என்று காலையிலிருந்து சமையற்கட்டு வாசலிலேயே நின்று அனத்திக்கொண்டிருந்தார். தொல்லை தாங்காமல், நாட்டு மருந்துக் கடையில் எனக்காக வாங்கி வைத்திருந்த அரிஷ்டத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வேணாங்க்கா. இத அப்பால எடுத்துடு."

எனக்கு வந்ததே கோபம்! "குடிக்கக் கூடாதத எல்லாம் கொடம் கொடமா குடிச்ச. மருந்துன்னா மட்டும் எறங்கலியா? குடிய்யா!" என்று கத்தினேன்.

டம்ளரை மேடையில் வைத்தார். வைத்த வேகத்தில் பாதி சிந்தியது. பையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார். போகட்டும் சனியன் என்று மேடையைத் துடைத்தேன்.

ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. ஆள் வரவில்லை. சார் வந்ததும் நான் புகார் சொல்லத்தான் ஆரம்பித்தேன். அவர் பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சீங்க? அரிஷ்டம் ஊறும்போதே அதுல சாராயம் உண்டாயிடும். குடிய மறக்க அவரு சாப்புடுற மாத்திரைக்கு இது உள்ள போயிருந்தா மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடியிருக்கணும். அத வுடுங்க, நாக்குல ருசி பட்டிருந்தா?"

குடையைக்கூட எடுக்காமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

இருந்தார். சொட்டச் சொட்ட நனைந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியாதுய்யா" என்று அழுதேன்.

"நீ தெரியாமதான் குடுத்தன்னு எனக்குத் தெரியும்க்கா. வாசன மூக்குல ஏறிச்சி. அங்கயே நின்னுக்கினு இருந்தா குடிச்சிருப்பேன். அதான் வந்துட்டேன்."

"இங்கருந்து பஸ் ஏறிப் போயிருந்தா?"

"தெனமும் போய்க் குடிக்கலாம்னுதான்க்கா வர்றேன். பஸ்ஸு வந்து நிக்குது, கண்டக்டரும் கூப்புடுறாரு. காலு எழுந்திருக்க மாட்டேங்குது."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரரும் இப்படி ஏதாவது ஒரு நாள் எங்காவது உட்கார்ந்திருந்தாரோ என்று தோன்றியது. தெரியாது. நான் கேட்டதில்லை, அவர் சொன்னதும் இல்லை.

மழை விட்டதும் கூட்டிவந்து சோறு போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரசத்துல உப்பு தூக்கலா கீதே" என்றார். வந்த எரிச்சலில் கரண்டியாலேயே ஒன்று போட்டிருப்பேன்.

தை மாதம் வீட்டுக்குப் போனார். நடுவில் ஒரு முறை சறுக்கிக் குடித்துவிட்டு, தானாகவே இல்லத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தார். இப்போது குடிக்காமல் வேலைக்குப் போகிறார் என்று சார் சொன்னார்.

நான் இன்னும் அங்கேதான் சமைக்கிறேன், இன்னும் புலம்புகிறேன். ஆனால், ஒரு மனிதர் நாள்நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றி வந்ததை, நல்லது செய்கிறோம் என்ற நினைப்பிலேயே ஒரு நிமிஷத்தில் உடைக்கப் பார்த்தேனே என்பது, யாரையாவது திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.