ஒரே பெட்டியில் வந்த கைகள்

என் எதிர்வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். அணுமின் நிலையத்தில் உடைந்துபோகும் போல்ட்டையும் வால்வையும் கண்ணாடி வைத்துப் பார்த்து, ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. உடைந்த துண்டுகளை யாராவது பொருத்திப் பார்த்துவிட்டால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். முறிந்த இடத்தின் முகங்கள் ஒன்றோடொன்று உரசினால் தடயம் போய்விடுமாம். ஒரு போல்ட்டு உடைந்தால், அதே பெட்டியில் வந்த மற்றவற்றையும் கழற்றிச் சோதிக்காமல் பம்பை ஓட விடமாட்டார். அணு உலையில் அப்படித்தான் இருக்க வேண்டும். வீட்டிலும் அப்படியே இருந்ததுதான் தொல்லை. துடைப்பத்தின் நீளக் கம்பு முறிந்தபோது இரண்டு துண்டையும் தனித்தனிப் பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். மனைவி குனிந்தே பெருக்கினாள்.

மின்விசிறி என்றைக்காவது விழுந்துவிடுமே என்று அதன் போல்ட்டை முடுக்க, உருளை வைத்த நாற்காலியில் ஏறினார். விசிறி விழவில்லை.

நான் வேலை பார்த்த மாவுக்கட்டு அறைக்கே அவரைக் கொண்டுவந்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு டாக்டர் கையைப் பிடித்தார்.

"இழுக்காதீங்க! ரெண்டு முகமும் உரசிடும். முதல்ல பிரிச்சுப் படம் எடுக்கணும்."

"எலும்பையா?" என்றார் டாக்டர்.

வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் எலும்பு கோணலாகக் கூடும், அந்தக் கையால் கண்ணாடியைக்கூடப் பிடிக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"இப்படி அவசரப்பட்டுத்தாம்மா எல்லாரும் தடயத்தை அழிக்கிறீங்க."

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "வண்டியில வரும்போதே நான் இழுத்து நேராக்கிப் பாத்துட்டேன். போதுமா?"

அவர் முகம் வெளிறியது. "அடிப்பாவி! ரோட்டுல பள்ளம்னுல்ல நெனச்சுக் கத்துனேன்!"

தடயம் போயிற்று. டாக்டர் மறுபடி குனிந்தார்.

"இருங்க டாக்டர். அதே பெட்டியில வந்ததைச் சோதிக்காம வேலையைத் தொடங்கக் கூடாது."

"எந்தப் பெட்டி?"

கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த தன் அக்காவை மோவாயால் காட்டினார். "ஒரே அப்பா, ஒரே அம்மா."

அக்கா எழுந்து வந்தாள். "ஏன்டா, உன் கை ஒடைஞ்சதுக்கு என்னையும் கழட்டிப் பாக்கணுமா?" என்று மேசையில் ஓங்கி ஓர் அறை விட்டாள். மாவுக்கட்டு நனைக்க வைத்திருந்த கிண்ணம் துள்ளித் தண்ணீர் என் மேலெல்லாம் தெறித்தது.

அவர் அந்தக் கையை உற்றுப் பார்த்தார். "இன்னொரு தடவைக்கா."

"இன்னொரு தடவைன்னா உன் முதுகுலதான்."

"தயாரிப்புல குறை இல்ல," என்றார், கையில் சிக்கிய திருடனைக் கோட்டைவிட்டவர்போல. "அப்ப பயன்படுத்தின விதத்துலதான் தப்பு." உடைந்த கையைத் தானே நீட்டினார். டாக்டர் இழுத்தார், நான் சுற்றினேன்.

கை நேராகவே கூடியது. அக்காவுக்குத்தான் மணிக்கட்டு வீங்கி ஒரு வாரம் வலி. அவர் காதில் விழாமல் இருக்க, என் வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவாள்.